கொடிக்கு நடுவில் கவைக்கம்பு

தண்டபாணிக்கு ஐம்பத்திரண்டு வயது, மின்துறையில் பொறியாளர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியான ஹசீனா பேகத்துக்கு முப்பத்தைந்து. இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. தண்டபாணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம்தானே கேட்க வேண்டும்?

அவருக்கு அவசரமும் இருந்தது. அவர் பொறுப்பிலிருந்த மின்பாதையின் கடைசி ஊர் ஊசிக்காட்டுப்புதூர். ஊர் முழுக்க விசைத்தறி. எல்லாத் தறியும் சேர்ந்து ஓடினால் வோல்டேஜ் விழும், மோட்டார் புகையும்.

"இந்தத் தீபாவளி ஆர்டரும் கைவிட்டுப் போச்சுன்னா தறிகள எடைக்குப் போட்டுருவோமுங்க சார்" என்று தறிக்காரர் ராக்கியண்ணன் கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்று தண்டபாணிக்குச் சோறு இறங்கவில்லை.

வட்டாரத்து மின்பாதைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தார். எந்த மின்நிலையம் எவ்வளவு அனுப்பினால் எல்லா ஊருக்கும் போதும், இழப்பும் குறையும் என்று தேட வைத்தார். கண் சிமிட்டுவதற்குள் விடை வந்தது. தலைகால் புரியாமல் ஹசீனாவிடம் ஓடினார்.

"புதூருக்கு என்ன வோல்டேஜ் வருது சார்?"

"முழுசா வருதுங்க மேடம். எல்லா ஊருக்குமே முழுசுங்க."

"கணக்குப் போட்டு வந்ததா?"

தண்டபாணி பின்மண்டையைச் சொறிந்தார். "இல்லைங்க. முழுசா இருக்குன்னு முதல்லயே வச்சுக்கிட்டேனுங்க. அப்பத்தான் சீக்கிரம் முடியும்."

"வோல்டேஜ் இல்லைன்னு அழுற ஊருக்குமா?"

அவர் விடைத்தாளை மடித்துக்கொண்டார்.

"ரியாக்டிவ் பவர் எங்கே?"

"அதையும் எடுத்துட்டேனுங்க."

மோட்டாருக்குள் காந்தத்தை நிறுத்தி வைப்பதற்காகப் போய்ப்போய்த் திரும்புகிற சக்தி அது. தன்னளவில் ஒரு முழம் துணி நெய்யாது.

"வேலையே செய்யாத சக்தி எதுக்குங்க மேடம்? ரெண்டாம் அத்தியாயத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அதைத் திரும்பச் சேர்த்துடுங்க" என்றார் ஹசீனா.

சேர்த்ததும் கணக்கு சண்டித்தனம் செய்தது. புதூரின் வோல்டேஜ் சரிந்துகொண்டே போய், விடையே கிடைக்காமல் நின்றது. தூரத்து மின்நிலையங்களிலிருந்து ரியாக்டிவ் பவரைத் தள்ளிப் பார்த்தார். நிலையங்கள் தங்கள் வரம்பில் போய் முட்டின. தள்ளியதையும் வழியிலேயே மின்பாதை விழுங்கியது. ஒரு வாரம் இதே கூத்து. மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹசீனாவின் வீட்டுக்கே போய்விட்டார். அவர் பின்கட்டில் ஈரப் போர்வைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொடி நடுவில் தொய்ந்து, போர்வைகள் மண்ணைத் தொடப் பார்த்தன.

"அந்த முனைய இழுத்துக் கட்டுங்க சார்."

தண்டபாணி இழுத்தார். ஒரு விரற்கடைதான் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தார். எதிர் முனையிலிருந்த இரும்புக் கம்பம் சாய்ந்தது.

"கம்பம் பேந்து வந்துருமாட்ட இருக்குதுங்க மேடம்!"

ஹசீனா சுவரோரம் சாத்தியிருந்த, நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கம்பை எடுத்து வந்தார். கொடியின் நடுவில் அதைக் கொடுத்து நிமிர்த்தினார். போர்வைகள் ஜம்மென்று மேலே போயின.

"இந்தக் கம்பு எத்தனை போர்வையக் காய வைக்கும் சார்?"

தண்டபாணி கம்பைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த டீயைக்கூட வாங்காமல் பைக்கை உதைத்தார்.

ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, புதூருக்குப் பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டரைக் கணக்கில் சேர்த்தார். ரியாக்டிவ் பவரை அந்த இடத்திலேயே கொடுக்கிற சாதனம் அது. எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கணக்கின் முடிவுக்கே விட்டுவிட்டார். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு விடை கூடி வந்தது. புதூரின் வோல்டேஜ் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! இந்த முறை அது இவராக வைத்துக்கொண்டதல்ல. தூரத்து நிலையங்கள் வரம்புக்குள் திரும்பியிருந்தன, இழப்பும் குறைந்திருந்தது. யாருமில்லாத அறையில் தண்டபாணி கைதட்டினார்.

மேலதிகாரிகளிடம் நடையாய் நடந்து, தீபாவளி வேலை தொடங்கும் முன்பே கெப்பாசிட்டரைப் புதூருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

அதை மின்பாதையில் இணைத்த அன்று ஊரே அவரைச் சுற்றி நின்றது. முதலில் ராக்கியண்ணனின் தறி ஓடியது. அடுத்து அவர் தம்பியுடையது, அப்புறம் ஒரு தெரு, அப்புறம் எல்லாத் தெருவும். வழக்கமாக மோட்டார்கள் முனக ஆரம்பிக்கும் நேரம் வந்தது. வோல்டேஜ் மீட்டரின் முள் நின்ற இடத்திலேயே நின்றது. ராக்கியண்ணன் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கையாலேயே தண்டபாணியைக் கட்டிக்கொண்டார்.

"சார், இனி எந்தத் தறியும் எடைக்குப் போகாதுங்க!"

தண்டபாணி போனை எடுத்தார்.

"மேடம், எல்லாத் தறியும் ஓடுதுங்க! முள் அசையலைங்க!" கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "ரெண்டாம் அத்தியாயத்துல 'வேலை செய்யாத சக்தி'ங்கிற வரிய அடிச்சுட்டேனுங்க. அந்த இடத்துல என்னங்க எழுதறது?"

"போனைத் தறிகிட்டப் பிடிங்க சார்."

பிடித்தார். ஊர் முழுக்கத் தறிகள் தடதடத்தன. பிறகு தண்டபாணி போனைக் காதில் வைத்தார்.

"இதை எழுதுங்க" என்றார் ஹசீனா.