நாற்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று

மலையடிவார மடத்துக்குச் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுகிற சீடர் ஒருவர் இருந்தார். பெயர் தணிகாசலம், வயது அறுபத்து மூன்று. குருவுக்கோ நாற்பதுகூட முடியவில்லை. "பிள்ளை வயசுக்காரர்கிட்ட என்னய்யா ஞானம் கேக்கப் போறே?" என்று ஊரில் கேலி பேசினால், "வகுக்கிற எண் சின்னதா இருந்தாத்தான்யா ஈவு நிறைய வரும்" என்பார்.

வாய் அப்படி. முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியார். கடி ஜோக் இல்லாமல் ஒரு பாடமும் நடத்தினதில்லை.

அந்தச் சனிக்கிழமை மனிதர் பேயறைந்தவர் மாதிரி வந்து நின்றார். கையில் அட்டை கிழிந்த நோட்டு ஒன்று. குரு அடுப்படியில் உட்கார்ந்து, மதியக் கஞ்சிக்குத் தென்னமட்டையை ஒடித்துச் செருகிக்கொண்டிருந்தார்.

"சாமி, இதை அடுப்புல போடணும்."

"என்னது அது?"

"நான் வகுப்புல சொன்ன ஜோக்கெல்லாம்."

"போட்டுடலாம். என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க முதல்ல."

தணிகாசலம் தரையில் உட்கார்ந்தார். போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் கூட்டம். வழுக்கை விழுந்தவனெல்லாம் மேடையேறி அவருடைய ஜோக்கைச் சொல்லிக் காட்டினான். மாலை, பொன்னாடை, ஏகத்துக்கும் சிரிப்பு. அப்போது ஒருத்தன் எழுந்து, "சார், நம்ம பூஜ்யம் ஏன் வரல?" என்று கேட்டான். மறுபடியும் சிரிப்பு.

"யாரு அந்தப் பூஜ்யம்?"

"வடிவுன்னு ஒரு பொண்ணு சாமி. ஒன்பதாம் வகுப்பு. கொஞ்சம் குண்டா இருப்பா. வடிவியல் பரீட்சையில முட்டை வாங்கிட்டா. பேப்பர் குடுக்கிறப்ப எழுப்பி நிக்க வச்சு, 'பூஜ்யத்துக்கும் ஒரு வடிவு உண்டு, பாருங்கப்பா, இதோ நிக்குது'ன்னு சொன்னேன்."

குரு ஒடித்த மட்டையைக் கீழே வைத்தார்.

"அந்த வருஷத்தோட படிப்பை நிறுத்திட்டாளாம். எங்கே போனாலும் பூஜ்யம், பூஜ்யம்னு கூப்பிட்டிருக்காங்க. கூட்டத்துலதான் ஒரு பொண்ணு சொன்னா. இப்ப ரயில்வே கேட் பக்கத்துல தையல் கடை வச்சிருக்காளாம். அவ அளவெடுத்தா ஒரு நூல் பிசகாதாம் சாமி!"

 அந்தக் கடையின் போர்டைத் தணிகாசலம், மடத்துக்கு வரும் பஸ்ஸிலிருந்து வாராவாரம் பார்த்திருக்கிறார். எந்த வடிவோ என்றுதான் நினைத்திருந்தார்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்களா?"

"வகுப்பே சிரிச்சுது. அவளும் சேர்ந்து சிரிச்சான்னுதான் நெனச்சேன். அவ மனசு நோகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது." தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியாம செஞ்சது பாவத்துல சேருமா சாமி?"

குரு கையை வேட்டியில் துடைத்துவிட்டு நோட்டை வாங்கினார். அடுப்பில் போடவில்லை, பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

"'வட்டத்துக்கு ஏன் அறிவே இல்லை? அதுக்கு ஒரு மூலைகூடக் கிடையாதே.' அட கொடுமையே!"

"ஆமா சாமி."

"'செக்கு ஆட்டுறவன் ஏன் கணக்குல புலி? நாள் பூரா அவனுக்கு எண்ண வேலைதான்.'" குரு சிரித்த சிரிப்பில் புகை தொண்டைக்குள் போய் இருமல் வந்துவிட்டது. தணிகாசலத்துக்கே லேசாக உதடு விரிந்தது. உடனே, 'சீ, உனக்கு இன்னும் சிரிப்பு ஒரு கேடா' என்று தன்னையே வைதுகொண்டார்.

"அடியில ஏதோ எண் போட்டிருக்கே, என்ன அது?"

"அதுவா... கணக்கு வாத்தியார் புத்தி சாமி. வகுப்புல எத்தனை பேர், சிரிச்சது எத்தனை பேர்னு சொன்ன கையோட எண்ணி எழுதிடுவேன். சிரிப்பு வராத ஜோக்கை அடுத்த வகுப்புல சொல்லக் கூடாது பாருங்க."

"நாற்பதுக்குப் பதினொண்ணு. முப்பத்தெட்டுக்குப் பத்தொன்பது. அவ்வளவுதானா வாத்தியாரே?"

"கடி ஜோக்குக்கு அவ்வளவு வந்தாலே பெரிசு."

குரு பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. நோட்டை அப்படியே திருப்பி நீட்டினார்.

"இதை நீங்க படிங்க."

தணிகாசலம் கண்ணாடியை மாட்டினார். அவருடைய கையெழுத்துதான். பூஜ்யத்துக்கும் ஒரு வடிவு உண்டு. அதன் கீழே, மொத்தம் நாற்பத்திரண்டு, சிரித்தது நாற்பத்தொன்று. நோட்டிலேயே அதுதான் அதிகம் என்பதால் சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை.

அடுப்பில் கஞ்சி கொதித்தது. குரு அகப்பையால் ஒரு தரம் கிண்டிவிட்டு உட்கார்ந்தார். தணிகாசலத்துக்கு இப்போது அந்த வகுப்பு நன்றாக நினைவுக்கு வந்தது. சாக்பீஸும் கையுமாக நின்று, பெஞ்சு பெஞ்சாக அவர் எண்ணியது. மூன்றாவது பெஞ்சில் தலை குனிந்திருந்தவளிடம் வந்ததும், அவளை விட்டுவிட்டு அடுத்தவளுக்குப் போனது.

ஐயோ, என்ன காரியம் செய்தோம்! நோட்டை அடுப்புப் பக்கம் நீட்டினார். குரு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எரிக்க என்ன அவசரம்? சிரிச்சவங்களையெல்லாம் பார்த்து மாலையும் வாங்கிட்டு வந்துட்டீங்க. சிரிக்காத ஒருத்தி பாக்கி இருக்காங்க. கஞ்சியைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க. ரெண்டு மணி பஸ் கேட்ல நிக்கும்."

"இத்தனை வருஷம் கழிச்சு அவ முகத்துல எப்படி முழிப்பேன்? போய் என்னன்னு சொல்லுவேன் சாமி?"

"எதை வேணா சொல்லுங்க வாத்தியாரே. தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."