மூங்கில் பூத்த கோடை

ஒரு காட்டில், ஓடைக்கரையை ஒட்டி, எல்லா விலங்குகளுக்கும் பொதுவான தோட்டம் ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், சுற்றிப் பார்க்கலாம். அதைக் காத்து வந்தது ஒரு கரடி. நல்ல கரடிதான், குழந்தைகளே. யாராவது புகழ்ந்துவிட்டால் மட்டும் அதற்குத் தலைகால் புரியாது.

சித்திரையில் அங்கே சரக்கொன்றை பூக்கும். அதன் கிளையில் குட்டிகள் ஆடக் கொடியூஞ்சல் கட்டுவார்கள். ஐப்பசியில் செங்காந்தள், தொடக்கூடாது, சுற்றி நின்று பார்க்கலாம். தை பிறந்தால் நெல்லிக்காய் பறிக்கலாம். இந்த மாதம் என்ன விசேஷம் என்று காடு முழுக்கக் கூவிச் சொல்வது மைனாவின் வேலை. அதற்கு வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

தோட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே எதைத் தின்றாலும், வெளியே போகும்முன் அதன் விதை ஒன்றை வாசலோரத்து மண்ணில் ஊன்றி, கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்தத் தோட்டம் உண்டானதே அப்படித்தான்.

ஒரு கோடையில், ஓடைக்கரை மூங்கில்கள் ஒன்றுவிடாமல் பூத்தன.

"வாருங்கள், வாருங்கள்! உங்கள் அப்பா பார்க்காத பூ! உங்கள் தாத்தா பார்க்காத பூ!" என்று மைனா தொண்டை வறளக் கூவியது.

யானை மட்டும் தன் குட்டியோடு முகம் வாடி வந்தது.

"கரடியண்ணே, மூங்கில் ஒரே முறைதான் பூக்கும். பூத்தபின் காய்ந்து செத்துப்போகும். உதிர்கிற மூங்கிலரிசி முளைத்தால்தான் இனி மூங்கில். இந்தக் காட்டில் வேறெங்கும் அது கிடையாது. கோடையில் புல் கருகிவிட்டால் என் குட்டிக்கு இதுதானே சோறு?"

"கவலைப்படாதே தங்கச்சி. வருகிறவர்கள் ஆளுக்கொரு விதை ஊன்றுவார்கள். என் தோட்டத்தில் வழக்கம் தவறியதுண்டா?"

"இல்லை அண்ணே" என்றது யானை. அதற்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கூட்டம் வந்தது. குரங்குகள் அண்ணாந்து பார்த்தன. "இவ்வளவுதானா? பூவா இது, உமி மாதிரி இருக்கிறது!" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயின. கரடிக்கு முகம் சுருங்கிவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டே நரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்கு நாக்கில் எப்போதும் எச்சில் ஊறும்.

"அண்ணே, வெறுமனே பார்த்துவிட்டுப் போகிறவன் புகழ்வானா? அரிசி உதிரட்டும். நான் சட்டியில் வறுத்து, தேன் ஊற்றி, ஆளுக்கு ஒரு பிடி கொடுக்கிறேன். அப்புறம் பாருங்கள் கூட்டத்தை!"

"நம் வழக்கம் என்னாவது?"

"அதற்கென்ன குறை? தின்கிற பிடியிலிருந்து ஒன்றை எடுத்து ஊன்றச் சொல்லுங்கள்."

"சரிதான்" என்றது கரடி. அதற்குமேல் அது யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

அரிசி உதிர்ந்தது. நரி ஒரு மணி விடாமல் கூட்டி அள்ளிச் சட்டியில் போட்டது. இடுக்கில் கிடந்ததை எலிகள் தின்று தீர்த்தன. வறுபடும் மணம் மலையடிவாரம் வரை போனது. மான்களும் பன்றிகளும் முயல்களும் வரிசையில் நின்றன. உதட்டைப் பிதுக்கிய குரங்குகள் முதல் ஆளாய் வந்து நின்றன.

"இப்படி ஒரு தோட்டம் உண்டா! இப்படி ஒரு கரடி உண்டா!"

கரடிக்கு உச்சி குளிர்ந்தது.

தின்றவர்கள் எல்லோரும் மறக்காமல் ஒரு மணியை எடுத்து மண்ணில் ஊன்றினார்கள். தண்ணீர் விட்டார்கள். விரலை நக்கிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். எட்ட நின்ற யானை, வறுப்பது தின்பதற்கான பங்கு என்று நினைத்துக்கொண்டது. ஊன்றுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அதற்குக் கண் நிறைந்தது.

மூங்கில்கள் காய்ந்தன. யானைக்குட்டி தினமும் தும்பிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து வாசலோரத்தில் ஊற்றியது.

"எப்போது முளைக்கும் அம்மா?"

"மழை வரட்டும், செல்லம்."

மழையும் வந்தது. தையில் ஊன்றிய நெல்லி தலைகாட்டியது. எங்கிருந்தோ விழுந்த கொன்றை கூட முளைத்தது. மூங்கிலரிசி ஊன்றிய இடத்தில் ஒரு பச்சை இல்லை.

யானை கரடியைக் கூட்டிவந்து காட்டியது. கரடி நகத்தால் மண்ணைக் கிளறி ஒரு மணியை எடுத்தது. கடித்துப் பார்த்தது. உள்ளே பழுப்பாகக் கருகியிருந்தது.

"வறுத்ததையா ஊன்றினீர்கள்?" என்று கேட்டது யானை.

கரடி இன்னும் இரண்டு மணிகளைக் கிளறி எடுத்துப் பார்த்தது. "ஒருவர்கூடத் தவறவில்லை தங்கச்சி. எல்லோரும் ஊன்றினார்கள்."

"நானும் பார்த்தேனே அண்ணே."

யானை திரும்பி நடந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கரடிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அது காய்ந்த மூங்கில் புதரெல்லாம் மண்டியிட்டுத் தேடியது, வறுபடாத ஒரு மணியாவது கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை. நரியைக் கேட்கலாம் என்றால் அது அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

அடுத்த கோடையில் புல் கருகியது. சரக்கொன்றை வழக்கம்போலப் பூத்துக் குலுங்கியது, மைனா கூவியது. யானைக்குட்டிக்கு விலா எலும்பு தெரிந்தது. தெரியாத காட்டைத் தேடி, பிழைப்போமா மாட்டோமா என்று அறியாமல், தாய் அதை அழைத்துக்கொண்டு புறப்பட்டது.

வாசலைத் தாண்டியதும் குட்டி நின்றது. தள்ளாடித் தள்ளாடி ஓடைக்குத் திரும்பிப் போனது. சேற்றில் மிச்சமிருந்த தண்ணீரை உறிஞ்சி வந்து, மூங்கிலரிசி ஊன்றிய இடத்தில் ஊற்றியது.

"மாமா, நாளைக்கு முளைத்தால் எனக்குச் சொல்லி அனுப்புவீர்களா?" என்று வாசலில் நின்ற கரடியிடம் கேட்டது.

"அனுப்புகிறேன்" என்றது கரடி.

நீதி: விதையின் உயிரை வறுத்துத் தின்றுவிட்டு, ஊன்றும் வழக்கத்தை மட்டும் காப்பாற்றினால் எதுவும் முளைக்காது.