முழு மாப்பிள்ளைக்கு அரை பிலிம்

டிக். கிர்ர்ர். டிக். கிர்ர்ர்.

புதன்கிழமை காலையிலிருந்து தும்பைக்குளம் தண்ணீர் கேன் ஷெட்டுக்குள் இந்தச் சத்தம்தான். கதவைப் பாதி இறக்கியிருந்ததால் உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியவில்லை. மோட்டார் ரிப்பேர் போல என்று எதிர்க்கடைக்காரர் நினைத்துக்கொண்டார். மோட்டாருக்கு ஒன்றுமில்லை. உள்ளே நான்கு பேர் ஒரு கல்யாணத்தை முடித்துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் செண்பகராமனுக்கு. முப்பத்தொன்பது வயது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஆறு இடம் தட்டிப்போயிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அதையும் அவனே கழுவி அவனே கவிழ்த்துவைப்பான். ஏழாவதாக வள்ளியூர்ப் பக்கம் மாலையம்மாள் என்றொரு பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்தது. இதுவும் போனால் தன் டைரியில் வேறு பெண் இல்லை என்று தரகர் சங்கரபாண்டி சொல்லிவிட்டார்.

பெண்ணின் அப்பா பொன்னுலிங்கம் போட்டோ கேட்டார். செல்போன் படம் ஆகாது, பிலிமில் எடுத்துக் கழுவின படம்தான் வேண்டும். முன்னால் வந்த ஒருத்தன் செல்போனில் பதினைந்து வயது குறைந்திருந்தானாம். அதோடு தலை முதல் கால் வரை முழு ஆளும் தெரிய வேண்டும். இன்னொருத்தன் ஸ்டூல் மேல் ஏறி நின்று எடுத்து அனுப்பியிருந்தான். படம் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

ஷெட்டுக்குத் தலைவர் வைரவன் அண்ணாச்சி. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பது அவர் ஒருவர்தான் என்பதால் தலைவர். கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சினன் கொடுத்துவிட்டுப் போன பழைய ஜப்பான் கேமரா ஒன்று பீரோவில் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். அதை ஸ்டுடியோ ஞானதுரையிடம் கொண்டுபோய் பிலிம் போட்டார்கள்.

ஞானதுரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இது அரை ஃப்ரேம் கேமரா. மற்ற கேமராவில் ஒரு படம் விழுகிற இடத்தில் இதில் ரெண்டு விழும். முப்பத்தாறு படத்து ரோலில் எழுபத்திரண்டு எடுக்கலாம், அது லாபம். ஆனால் ஒவ்வொன்றும் பாதி அளவுதான், ரொம்பப் பெரிசாக்கினால் புள்ளி புள்ளியாய்த் தெரியும். அடுத்தடுத்து எடுக்கிற ரெண்டையும் ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுத் தருவேன், பார்க்க அழகாயிருக்கும். ரோல் முடிகிறவரை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

நால்வரும் தலையாட்டிவிட்டு ஷெட்டுக்கு வந்து கேன்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"பாதி எடத்துல முழு ஆள அடைச்சா என்னலே ஆவும்?" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார்.

கேன் ஏற்றி இறக்குகிற தவசி யோசித்தான். "ஆளு குறுகிப் போவான் அண்ணாச்சி."

"பொன்னுலிங்கம் என்ன நெனப்பாரு?"

"குள்ளன்னு நெனப்பாரு."

செண்பகராமனின் முகம் வாடிவிட்டது. அவன் ஐந்தடி எட்டங்குலம். அவனிடம் எடுத்துச் சொல்ல இருந்ததே அந்த உயரம் ஒன்றுதான்.

கேன் நிரப்புகிற பேச்சிமுத்துதான் வழி கண்டுபிடித்தான். "இருபது லிட்டர் தண்ணிய பத்து லிட்டர் கேன்ல ஊத்த முடியுமா? ரெண்டு கேன்ல ஊத்துதோம்லா. அதே மாதிரிதான். மேப்பாதி ஒரு படம், கீழ்ப்பாதி ஒரு படம். அவருதான் ஒரே அட்டையில போட்டுத் தாரேன்னுட்டாரே."

இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு இவன் ஏன் தண்ணீர் பிடிக்கிறான் என்று மற்ற மூவருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

அடுத்து, ஆளை எங்கே பிரிப்பது என்ற கேள்வி. டேப் வைத்து அளந்தார்கள். தலைமுடி கணக்கில் சேருமா சேராதா என்று ஒரு வாக்குவாதம். ரெண்டு படத்திலும் இடுப்பு வந்துவிட்டால் மாப்பிள்ளைக்கு ரெண்டு தொப்பை என்று நினைத்துவிடுவார்களே என்று தவசி பயந்தான். கடைசியில் கேன் மூடிக்கு ஒட்டுகிற டேப்பை இடுப்பைச் சுற்றி ஒட்டி, அதுதான் எல்லை என்று முடிவாயிற்று.

இஸ்திரி போட்ட சட்டையில் செண்பகராமன் நின்றான். பேச்சிமுத்து மேல்பாதியை எடுத்தான். டிக். அடுத்த படத்துக்கு லீவரை இழுத்தான். கிர்ர்ர். அந்த நேரம் பார்த்து கல்யாண மண்டபத்திலிருந்து போன். பந்தி உட்கார்ந்துவிட்டது, தண்ணீர் இல்லை, உடனே முப்பது கேன் வேண்டும். ஆட்டோ ஓட்டத் தெரிந்தவன் செண்பகராமன் ஒருவன்தான். டேப்பை உரித்துக்கொண்டே ஓடினான்.

அவன் வரும்வரை கேமராவைச் சும்மா வைத்திருக்கலாமே என்றான் பேச்சிமுத்து. அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "இழுத்து வச்சாச்சுல்லா? கொழாயத் தொறந்து விட்டுட்டு கேன் வரட்டும்னு நிப்பியா நீ?"

அப்போது தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "கால்தான அண்ணாச்சி. எங்கிட்டயும் ரெண்டு இருக்கு."

டிக்.

மீதி எழுபது. ரோல் முடியாமல் திறக்கக் கூடாது, வெள்ளிக்கிழமையும் நிற்காது. எனவே கேன்களை எடுத்தார்கள். ஒவ்வொன்றாகத் துடைத்து, நிறுத்தி, லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்த்து எடுத்தார்கள். ஒரு கேனுக்கு மூடி கோணல், அதைச் சரிசெய்து இன்னொரு தடவை எடுத்தார்கள். வாய் உடைந்த கேன் ஒன்றை மட்டும் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார் அண்ணாச்சி. அதற்கும் ஒரு இடம் அமைய வேண்டும் அல்லவா.

வியாழன் மாலை ஞானதுரை முதல் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கேன் எல்லாம் நன்றாக விழுந்திருக்கிறது என்றார்.

அட்டை வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பொன்னுலிங்கமே நேரில் வந்துவிட்டார். பெண்ணுக்கு முகம் பிடித்திருக்கிறது, பொய் சொல்லத் தெரியாத முகம் என்கிறாள் என்றார். வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் கால் பிடித்திருந்தது. இடது காலில் ஆறு விரல், அப்படிப்பட்டவர் அடி எடுத்துவைக்கிற வீடு விளங்கும். அதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்.

செண்பகராமன் செருப்பைக் கழற்றினான். பொன்னுலிங்கம் குனிந்து எண்ணினார். அண்ணாச்சியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். ஐந்துதான் இருந்தது.

செண்பகராமன் உள்ளதைச் சொல்லிவிட்டான். "மாமா, மேல உள்ளது நான். கீழ உள்ளது தவசி."

ஒரு கேன் நிரம்பி வழிந்தது, யாரும் குழாயை மூடவில்லை. செண்பகராமன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பொன்னுலிங்கம் படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தவசியின் காலைப் பார்த்தார். "எம்மவ சம்மதிச்சது இந்தப் படத்துக்கு," என்றார். "நான் வாக்கு மாறுத ஆளு இல்ல. இதுல உள்ளது எல்லாம் மணவறைக்கு வந்தாவணும்."

தவசி பதறிப்போய், தனக்கு வீட்டுக்காரியும் ரெண்டு பிள்ளைகளும் இருப்பதைச் சொன்னான்.

"நீரு நடக்குத வேலைக்கு மட்டும் வந்தாப் போதும்வே," என்றார் பொன்னுலிங்கம்.

அவர் போனபின் உட்கார்ந்து மாப்பிள்ளையின் வேலைகளைப் பிரித்தார்கள். தாலி கட்டுவது, மாலை மாற்றுவது, ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்வது எல்லாம் மேல்பாதியின் வேலை. மணவறையை மூன்று சுற்று வருவது கீழ்ப்பாதியின் வேலை. ஆக, தவசியின் தோளில் செண்பகராமன் உட்கார்ந்து வர வேண்டும். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்றார் அண்ணாச்சி.

திங்கட்கிழமை ஒத்திகை. கேன் அடுக்குதான் மணவறை. பேச்சிமுத்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மணப்பெண்ணாகப் பின்னால் நடந்தான். ரெண்டாவது சுற்றில் அண்ணாச்சி நிறுத்தினார். சுற்றி வரும்போது மாப்பிள்ளை பெண்ணின் சுண்டுவிரலைப் பிடித்திருக்க வேண்டும். செண்பகராமன் மேலிருந்து எவ்வளவு குனிந்தும் எட்டவில்லை. தவசியைப் பிடிக்கச் சொல்லலாம் என்றால், அவன் வந்திருப்பது நடக்கிற வேலைக்கு மட்டும்.

கல்யாணம் இந்த ஒரு விரலில் நின்றுவிடுமோ என்று செண்பகராமனுக்கு மேலே உட்கார்ந்தபடியே வியர்த்தது. அண்ணாச்சி பொன்னுலிங்கத்துக்குப் போன் போட்டார்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும்லா," என்றார் பொன்னுலிங்கம். "நேத்துலருந்து தாய்மாமன் அவளத் தோள்ல தூக்கிக்கிட்டு வீட்டச் சுத்திக்கிட்டுதான் இருக்காரு. உங்க ஆளு தோளு தரையிலருந்து எத்தன அடின்னு மட்டும் அளந்து சொல்லுங்க."

அளந்து சொன்னார்கள். செண்பகராமன் தோளில் இருந்தபடியே கீழே கையை நீட்டி பிரஷைக் கேட்டான். மேல் அடுக்குக் கேன்கள் இப்போது கைக்கு எட்டின. இறங்காமலே ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தான். அவன் சொன்ன பக்கமெல்லாம் தவசி மெதுவாக நகர்ந்துகொண்டான்.