மாலை எந்தக் கம்ப்யூட்டருக்கு?

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. புருஷன் முருகவேள் படம் எடுப்பார். பெண்டாட்டி திலகா அதைச் சரிபண்ணி ஆல்பம் போடுவாள். அவர்களிடம் மூன்று கம்ப்யூட்டர் இருந்தன.

கருப்பு புதுசு. வாங்கின நாளிலிருந்து ஒரு தடவைகூட நின்றதில்லை. பழசுக்கு இழுவை என்று பேர். பாதி வேலையில் உறைந்துபோகும். ஆனால் கேமரா கார்டு செருகுகிற இடம் அதில் மட்டும்தான் உண்டு. மூன்றாவது லேப்டாப். கரண்ட் போனாலும் ஓடும், அவ்வளவுதான்.

அதனால் எல்லாப் படமும் இழுவை வழியாகத்தான் கருப்புக்குப் போகும். நடுவில் நின்றுவிடுமே என்ற பயத்தில் திலகா முதல் வேலையாகப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுவாள்.

"கருப்பு இருக்கும்போது உனக்கு ஏன் இந்த வெட்டி வேலை?" என்பார் முருகவேள்.

"ஒரு நாள் இழுவைகிட்ட நீங்க உக்காந்து பாருங்க, தெரியும்."

பக்கத்தில் பூக்கட்டி விற்கிற செவ்வந்தியின் குழந்தைக்குக் காதுகுத்து நடந்தது. முருகவேள்தான் படம் எடுத்தார். தாய்மாமன் பட்டாளத்துக்காரர். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார், மறுநாளே எல்லைக்குக் கிளம்பிவிட்டார். படமெல்லாம் கருப்புக்கு வந்ததும், இனி என்ன பயம் என்று முருகவேள் கார்டை அழித்தார். இடம் பற்றாது என்று இழுவையிலும் அழித்தாயிற்று.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் கருப்பு திறக்கவே இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் போச்சு. படம் வாங்க வந்த செவ்வந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காதை இன்னொரு தடவை குத்த முடியுமாண்ணே? எங்கண்ணன் இனி எப்ப வருமோ!"

திலகா மேசைக்குள் துழாவிப் பென்டிரைவை எடுத்தாள். அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லேப்டாப்பில் செருகினாள். வீறிட்டு அழுகிற குழந்தை, அதைவிட அதிகமாகக் கண்ணைக் கசக்குகிற மாமன். எல்லாம் இருந்தது. செவ்வந்தி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் பூஜைக்கு அவளே மாலை கட்டிக் கொண்டுவந்தாள். "என் படத்தைக் காப்பாத்துனதுக்குப் போடுங்கக்கா. லேப்டாப்தானே இருட்டுல காட்டுச்சு?"

"கருப்புக்குப் போடு. இத்தனை நாள் உழைச்சுட்டு ஒரு நாள்தான் படுத்துச்சு. இழுவை தினமும் படுக்குது," என்றார் முருகவேள்.

"இழுவைக்குத்தான்," என்றாள் திலகா.

"அதுக்கா? அதுல ஒரு படம்கூட இல்லையே!" என்றார் முருகவேள்.

மாலை ஒன்று, கம்ப்யூட்டர் மூன்று. யார் சொன்னது சரி, சொல்லுங்கள் பார்ப்போம்?

விடை: திலகா சொன்னதுதான். லேப்டாப் காட்டியது பென்டிரைவில் இருந்த படத்தை. பென்டிரைவுக்கு அது வந்தது இழுவை மேல் இருந்த பயத்தால். கருப்பு நல்லது என்று நம்பியதால்தான் கார்டை அழிக்கத் துணிந்தார்கள். அதற்காக வேலையை இழுவையிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். பழுது பார்த்தபின் வேலை கருப்பில்தான் நடக்கிறது, நகலும் தவறாமல் எடுக்கிறார்கள். மாலை மட்டும் இழுவைக்கு. அன்று அது கழுத்தில் விழுந்த கையோடு இழுவை வழக்கம்போல உறைந்து நின்றது. மூன்று பேரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்கள்.