வைத்தியர் இலையில் கஞ்சி

வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒரே உடம்பில் சமமாக இருந்தால், அந்த ஆளுக்கு என்ன பரிமாறலாம்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

ஜமீன்தார் மருதப்பருக்கு வாத உடம்பு, கிழங்கு ஆகாது என்றார் அரண்மனை வைத்தியர். ஜமீன்தாரின் மனைவிக்குப் பித்த உடம்பு, புளிக்குழம்பு ஆகாது. ஆறு வயது மகள் குமுதாவுக்குக் கப உடம்பு, பாயசம் ஆகாது. ஒரு மாதமாக அவளுக்குக் கஞ்சிதான்.

வைத்தியருக்கு மட்டும் மூன்றும் சமமாம். அதனால் மற்றவர்கள் விலக்கியதெல்லாம் அவர் இலைக்குப் போனது.

குமுதாவின் பிறந்தநாள் வந்தது. சமையற்காரி செங்கமலத்தை வைத்தியர் கூப்பிட்டார். "விருந்தில் யார் இலையிலும் அவர் உடம்புக்கு ஆகாதது விழக்கூடாது. விழுந்தால் உனக்கு இங்கே வேலை இல்லை."

"சரிங்க சாமி."

விருந்தன்று வைத்தியரின் இலையில் ஒரு கிண்ணம் கஞ்சி மட்டும் இருந்தது.

"என்னடி இது?"

"உங்களுக்கு மூணும் இருக்கே சாமி. வாதத்துக்காகக் கிழங்கை நிறுத்தினேன், பித்தத்துக்காகக் குழம்பை நிறுத்தினேன், கபத்துக்காகப் பாயசத்தை."

பாயச வாசனை வைத்தியரை வாட்டியது. "அசடே, மூன்றும் இல்லாத உடம்பு உலகத்திலேயே கிடையாது. எல்லாவற்றையும் அளவாகச் சாப்பிடலாம்."

"அப்போ பாப்பாவுக்கும் மூணும் இருக்குதுங்களா?"

ஜமீன்தார் சிரித்துவிட்டு, குமுதாவின் முன் கஞ்சியையும் பாயசத்தையும் வைக்கச் சொன்னார்.

"உனக்கு எது வேணும், தாயி?" என்று கேட்டாள் செங்கமலம்.

குமுதா கஞ்சிக் கிண்ணத்தை வைத்தியர் பக்கம் நகர்த்திவிட்டுப் பாயசத்தை எடுத்துக்கொண்டாள்.