தெற்குச் சுவரில் ரெண்டு கலர்

"அம்மா, ரூமுக்குச் சந்தனக் கலரா, இளம்பச்சையா? நீங்க சொல்றதை அப்படியே அடிச்சுடறேன்."

மடத்துக்குள்ள செருப்போடயே வந்து கேட்டா சௌந்தரவல்லி. கேட்டப்புறந்தான் ஞாபகம் வந்து, வெளிய போய்க் கழட்டிட்டு வந்தா.

மடத்தம்மா வெண்டைக்காய் நறுக்கிட்டிருந்தாங்க. வயசுல இவளை விடச் சின்னவங்க. இருந்தாலும் ஊருக்கே அம்மா.

"யாருக்கு அக்கா ரூம்?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றார். ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு. பேச்சும் இல்ல. இனிமே அவருக்கு அந்த ரூம்தான்."

வீட்டுக்கு ஒரு மிதியடி வாங்கினாக்கூட முடிவு பண்றது அவர்தான். இவ தானா ஒண்ணும் எடுத்ததில்ல. இவ நாத்தனார் ஒரு தடவை தானா ஆசைப்பட்டு ரூமுக்கு மயில் கலர் அடிச்சா. அவ புருஷன் கண்ணு கூசுதுன்னு மொட்டை மாடிக்குப் படுக்கப் போனவர், மழைக்காலத்துலயும் குடையோட அங்கேயே கிடந்தார். சரி, அது கிடக்கட்டும்.

"பச்சை அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமோன்னு பயமா இருக்கு. சந்தனம்னா சாயங்காலமே இருட்டிப் போகுது. மெஷின்ல பெயின்ட் கலந்துட்டா கடையில திருப்பி எடுக்க மாட்டான். பிடிக்கலேன்னா வாயைத் திறந்து சொல்லக்கூட அவரால முடியாதேம்மா."

கத்தி நின்னுது.

"வாங்க, பாக்கலாம்."

ரூம்ல கட்டில் தயாரா இருந்தது. வடக்கே தலை வெக்கக் கூடாதில்லையா, அதனால தலைமாடு தெற்குச் சுவரை ஒட்டி. அந்தச் சுவர்லதான் வெளிச்சம் நல்லா விழுதுன்னு ரெண்டு கலரையும் பக்கத்துல பக்கத்துல பூசி வெச்சிருந்தா. காலையில பாத்தா பச்சை தேவலை. மத்தியானம் சந்தனம். லைட்டைப் போட்டா ரெண்டுமே வேண்டாம்னு தோணும்.

மடத்தம்மா சுவரைத் திரும்பிக்கூடப் பாக்கல. காவிப் புடவையை இழுத்துச் செருகிக்கிட்டுக் கட்டில்ல மல்லாக்கப் படுத்துட்டாங்க.

"உடம்புக்கு முடியலையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன். உங்க கலர் எங்க?"

"உங்க தலைக்குப் பின்னாடி."

"எனக்குத் தெரியலையே."

சௌந்தரவல்லி எதிர்ச் சுவரைத் திரும்பிப் பாத்தா.

"அப்ப எதிர்ச் சுவர்ல பூசிப் பாக்கறேன்."

"அவருக்குக் கஞ்சி யார் கொடுப்பா?"

"நான்தான். வேற யாரு?"

"எப்படிக் கொடுப்பீங்க?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தா. கஞ்சி ஊட்டற மாதிரி முகத்துக்கு நேரா குனிஞ்சா.

"இப்ப எதிர்ச் சுவரும் தெரியல."

"பின்ன என்னதாம்மா தெரியுது?"

மடத்தம்மா படுத்தபடியே உத்துப் பாத்தாங்க.

"மூக்குல பச்சைப் பெயின்ட். கண்ணு ரெண்டும் தூங்காம செவந்து கிடக்கு. போய் மூஞ்சியக் கழுவிட்டுக் கொஞ்சம் படுங்க அக்கா. வெள்ளிக்கிழமை அவர் உங்க முகத்தைத்தானே பாக்கணும்."