முதல் குரலுக்கு

முசிறிக்கு வடக்கே ஒரு சிறிய மடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. குரு கூப்பிட்டால் முதல் குரலுக்கே "வந்தேன்" என்று சொல்ல வேண்டும். பெருக்கிக்கொண்டிருப்பவர் துடைப்பத்தைப் போட்டுவிட வேண்டும். எழுதிக்கொண்டிருப்பவர் பாதி எழுத்தில் பேனாவை எடுத்துவிட வேண்டும். குரு இரண்டாம் முறை கூப்பிட நேர்ந்தால் சீடருக்கு அன்று சோறு இறங்காது.

மாசிலாமணியை யாரும் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்தார். வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு நாற்பத்திரண்டுதான். துறவுக்கு முன்னால் அவர் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சீடர்கள் எல்லோரையும் "நீங்கள்" என்றுதான் அழைப்பார்.

செவ்வாயும் வெள்ளியும் மடத்து வேன் நான்கு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு டயாலிசிஸுக்காக நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும். ஓட்டுவது மாசிலாமணி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புளியமரத்து வளைவைத் தாண்டும்போது அவருடைய போன் அடித்தது. குருவின் எண்ணுக்கென்று தனியாக ஒரு மணியோசை வைத்திருந்தார். அது ஒரு முறை ஒலித்து முடிவதற்குள் போன் காதில் இருந்தது.

"வந்தேன் சாமி."

பேசி முடிக்கும்போது எதிரே சாலையில் காக்கிச் சட்டையில் ஒரு பெண் நின்றிருந்தார். கை உயர்ந்திருந்தது. மாசிலாமணி பிரேக்கை ஏறி மிதித்தார். வேன் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் சுடர்க்கொடி ஜன்னல் பக்கம் வந்தார்.

"போன்ல யாரு?"

"எங்க சாமிங்க."

"என்ன சொன்னாரு?"

"வரும்போது துவரம்பருப்பு ரெண்டு கிலோ வாங்கிட்டு வரச் சொன்னாரு."

பக்கத்தில் நின்ற காவலர் சிரித்துவிட்டார். சுடர்க்கொடி சிரிக்கவில்லை.

"நான் கை காட்டினதைப் பார்த்தீங்களா?"

"பார்த்துத்தானே மேடம் நிறுத்தினேன்."

"அது ரெண்டாவது தடவை."

மாசிலாமணி போனை மடியில் வைத்தார்.

ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சீட்டு வந்தது. லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும், மூன்று மாதம் நிறுத்திவைப்பார்கள் என்று சொன்னார் சுடர்க்கொடி. பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். நால்வரின் கைகளிலும் ஊசி குத்திய தழும்புகள். காவலரைக் கூப்பிட்டு, வேனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மாசிலாமணி குருவின் முன்னால் நின்றார். பருப்பை மறக்காமல் வாங்கி வந்திருந்தார்.

"சாமி, முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன். ஒரு கீறல் கிடையாது. இன்னைக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை முன்னாடி திருடன் மாதிரி நின்னேன்."

குரு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கூப்பிட்டா முதல் குரலுக்கே பதில் சொல்லணும்னு இந்த மடத்துல சொல்லிக்குடுத்தாங்க. வண்டி ஓட்டும்போது பேசினாத் தப்புன்னு சட்டம் சொல்லுது. எதை நான் கேட்கறது? வண்டி இல்லாட்டி எனக்கு இங்க என்ன வேலை? நான் போயிடறேன் சாமி."

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார் குரு.

"ஆறரைக்கு."

"நான் ஓட்டறேன். பக்கத்துல உட்காருங்க. வழி சொல்ல ஆள் வேணும்."

பதில் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை குரு ஸ்டியரிங்கைப் பிடித்தார். தன் போனை மாசிலாமணியிடம் கொடுத்துவிட்டார். பால் வண்டி ஓட்டிய கை பள்ளம் வந்தால் தானாகவே மெதுவாகும். பின்சீட்டில் இருந்த அங்காயிக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, இப்படிப் போனா நாளைக்கு டயாலிசிஸுக்குத்தான் போய்ச் சேருவோம். பாலா கொண்டு போறீங்க, தளும்பறதுக்கு?"

"அதே பழக்கம் அம்மா."

புளியமரத்து வளைவில் சுடர்க்கொடி நின்றிருந்தார். அவர் கை காட்டவில்லை. குருவே வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினார். மாசிலாமணியும் பின்னாலேயே இறங்கினார்.

"செவ்வாய்க்கிழமை இவரைக் கூப்பிட்டது நான்தான் அம்மா. அந்த நேரத்துல வண்டியில இருப்பாருன்னு எனக்குத் தெரியும். எனக்கு என்ன தண்டனை?"

சுடர்க்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூப்பிட்டவங்களுக்கு அபராதம் போட எங்கிட்ட சீட்டு இல்லீங்க சாமி."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"வண்டி ஓட்டறாங்கன்னு தெரிஞ்சா கூப்பிடாதீங்க. வேற என்ன."

குரு கை கூப்பினார்.

"வந்தேன்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று சுடர்க்கொடிக்குப் புரிந்திருக்காது. மாசிலாமணிக்குப் புரிந்தது. குரு யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லி அவர் கேட்டதில்லை.

வண்டி மறுபடி கிளம்பியதும் அங்காயி பேசினாள்.

"அன்னைக்கு அந்தம்மா முதல்ல கை காட்டினப்பவே நான் பார்த்துட்டேன்."

மாசிலாமணி திரும்பினார். "சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"நீ சாமிகூடப் பேசிட்டு இருந்தே. நடுவுல எப்படிப் பேசறது?"

"நானும் பார்த்தேன்" என்றார் அவள் பக்கத்தில் இருந்த காதர் பாய். "அதே யோசனைதான் எனக்கும்."

கண்ணாடியில் குருவின் முகம் தெரிந்தது. அவர் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல்கள் சிவந்திருந்தன.

வாரங்கள் போயின. வண்டியில் குருவின் போனுக்குப் பதில் சொல்வது மாசிலாமணியின் வேலையாயிற்று. "சாமி ஓட்டறாருங்க. நிறுத்தினதும் பேசச் சொல்றேன்." ஒரு நாள் மடத்துக்கு மண்டபம் கட்டிக்கொடுக்கும் பெரிய மனிதர் கூப்பிட்டார்.

"ரெண்டே நிமிஷம், போனை அவர் காதுல வைய்யா."

"ஓட்டறாருங்க."

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியுங்க. அவர் ஓட்டறாருங்க."

அந்த மனிதர் விடவில்லை. சிமெண்ட், கம்பி, தேதி என்று மாசிலாமணியிடமே சொல்லிக்கொண்டு போனார். ஒருவழியாகப் பேச்சு முடிந்தது. மாசிலாமணி நிமிர்ந்தபோது ஆஸ்பத்திரியின் நீல வாசல் எதிரே இருந்தது.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"புளியமரம் எப்ப போச்சு?"

"அது போய் ரொம்ப நேரம் ஆச்சு" என்றாள் அங்காயி. "ரயில்வே கேட்டுல நின்னோம். ஒரு மாட்டு வண்டி குறுக்க வந்துச்சு. தூங்கினியா?"

அவர் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாடு அவருக்குத் தெரியவில்லை. இப்படித்தானே அன்றைக்கும் ஓட்டியிருப்பேன் என்று நினைத்தார். அன்றைக்கு மட்டுமா? லாரியில் போன் வந்த நாளிலிருந்து எத்தனை வளைவுகள், எத்தனை மாடுகள். கீறல் இல்லாமல் வந்து சேர்ந்ததையெல்லாம் தன் கைத்திறமை என்று நம்பியிருந்தார். யார் யார் ஒதுங்கிப் போனார்களோ. அவர்களில் ஒருவர் முகம்கூட நினைவில் இல்லை.

ஆஸ்பத்திரியில் நால்வரையும் கைபிடித்து இறக்கிவிட்டார். அங்காயியின் கையை விட அவருக்குச் சிறிது நேரம் ஆனது.

"என்னடா?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

மூன்று மாதம் முடிந்து லைசென்ஸ் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மாசிலாமணி ஓட்டினார். போனை அணைத்து, டிபன் பைக்குள் வைத்து, பையை அங்காயியிடம் கொடுத்துவிட்டார். வளைவுக்கு அப்பால் காக்கி தெரிந்தது. அங்கே போய் வண்டியை ஓரம் கட்டினார்.

"என்ன டிரைவரே, மறுபடி போனா?" என்றார் சுடர்க்கொடி.

"இல்லீங்க மேடம்." வண்டியிலிருந்து இறங்கி நின்றார். "அன்னைக்கு நீங்க ரெண்டாவது தடவை கை காட்டினீங்க."

"ஆமா."

"நீங்க ஒதுங்கிப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

"அதுக்காகத்தான் நிறுத்தினேன். சொல்லிட்டுப் போகலாம்னு."

சுடர்க்கொடி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "உள்ள எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். ஜன்னல் வழியாகக் காதர் பாய் ஒரு கொய்யாப்பழத்தை நீட்டினார். "டாக்டர் எனக்குப் பழம் கூடாதுன்னுட்டார் மேடம். உங்களுக்கு ஒண்ணும் சொல்லலையே?"

சாயங்காலம் நால்வரையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு மாசிலாமணி மடத்துக்குத் திரும்பினார். குரு வாளியோடு வந்து வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி ஒரு துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் துடைத்தார்.

"சாமி, அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க பதில் சொல்லல."

"என்ன கேட்டீங்க?"

"நீங்க கூப்பிட்டா முதல் குரலுக்கே பதில் சொல்லணும். அன்னைக்கு நான் சொன்னேன். அது தப்பாப் போச்சு. வழக்கம் தப்பா, நான் தப்பா?"

குரு துணியைப் பிழிந்தார்.

"அன்னைக்கு வண்டியில எத்தனை பேர் இருந்தாங்க?"

"நாலு பேர்."

"காலையில ஆறரை மணிக்கு ஏறினாங்க இல்ல?"

"ஆமாம் சாமி."

"ஏறினதுலேருந்து அந்த நாலு பேரும் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாங்க" என்றார் குரு. "நான் அஞ்சாவதாக் கூப்பிட்டவன்."